முனுசாமிக்கு ஏக்கமா, கோபமா? ஆமை வளர்ப்பவர்கள் சொல்லுங்கள்

பெரம்பூர்க்காரி:

வணக்கம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஆமை என்னுடையது இல்லை, என் பையனுடையது. ஐந்தாம் வகுப்பில் முதல் ரேங்க் எடுத்தால் வாங்கித் தருவதாக அவன் அப்பா வாக்குக் கொடுத்து மாட்டிக்கொண்டார். கொளத்தூரில் ஒரு மீன் கடையில் வாங்கியது. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு இருக்குமே, அந்த ஸ்லைடர். அப்போது பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. "இதுக்கு மேல வளராதும்மா" என்றார் கடைக்காரர். இன்றைக்கு ஓடு மட்டும் 23 சென்டிமீட்டர். "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும்..." என்று என் மாமியார் ஆரம்பித்து எட்டு வருஷமாகிறது, இன்னும் முடித்தபாடில்லை.

பெயர் முனுசாமி. குணத்தைச் சொல்வதென்றால், கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு இடம் பிடிக்கிற ஆள். காலையில் நான் பால் பாக்கெட்டோடு உள்ளே வந்தாலே போதும், கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நாலு காலையும் அடிப்பான். என் வீட்டுக்காரர் எதிரே நின்றால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அவர் ஒருநாளும் தீனி போட்டதில்லை, அதுதான் காரணம். போன தீபாவளிக்கு மருதாணி வைத்த கையோடு தீனி போட்டேன். தீனியை விட்டுவிட்டுச் சிவந்த விரல் நுனியாகப் பார்த்துக் கவ்வினான். வலித்ததைவிடத் திடுக்கிட்டதுதான் அதிகம். காலை வெயில் வந்தால் கல் மேல் ஏறி, பின்னங்கால் இரண்டையும் பின்னால் நீட்டி, கால்விரல்களை விசிறி மாதிரி விரித்துக் கண் மூடிக் கிடப்பான். பார்க்கிற எனக்கே தூக்கம் வரும்.

விஷயத்துக்கு வருகிறேன். பையன் ஆகஸ்டில் திருச்சி ஹாஸ்டலுக்குப் போனான். பொங்கலுக்கு வந்து ஐந்து நாள் இருந்தான். அவன் கிளம்பிய அடுத்த வாரத்திலிருந்து முனுசாமி சரியில்லை. தீனி அப்படியே மிதக்கிறது. காய்ந்த இறாலைக்கூட மோந்துவிட்டு விட்டுவிடுகிறான். ராத்திரி முழுக்கத் தொட்டி மூலையில் கரக் கரக்கென்று சத்தம். வெளியே எடுத்து விட்டால் நேராகப் பையன் அறைக்குப் போகிறான். பீரோ இடுக்கில் நின்றுகொண்டு பின்னங்காலால் மாற்றி மாற்றித் தரையைப் பறிக்கிறான். மொசைக் தரையில் எதைப் பறிக்க? பார்க்கவே பாவமாக இருக்கிறது.

ஆமை மனிதர்களைத் தேடுமா? பையனிடம் சொன்னால் வகுப்பைப் போட்டுவிட்டு ஓடி வருவான். அதனால் இன்னும் சொல்லவில்லை.

தொட்டிமீன்:

மேடம், மனதைப் புண்படுத்த எழுதவில்லை. ஆமைக்கு ஏக்கம் கிடையாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் தீனி போடும் உருவம். ஏக்கம் என்றால் பையன் போன ஆகஸ்டிலேயே பட்டினி கிடந்திருக்க வேண்டும். அப்போது நன்றாகத்தானே சாப்பிட்டது?

தண்ணீர்ச் சூடு எவ்வளவு என்று பாருங்கள். ஜனவரியில் நம்மூரிலும் ராத்திரித் தண்ணீர் ஜில்லென்று ஆகிவிடும். குளிர்ந்த தண்ணீரில் செரிமானம் மட்டுப்பட்டு ஆமை தானாகவே தீனியைக் குறைத்துக்கொள்ளும். நீந்தும்போது ஒரு பக்கமாகச் சாய்கிறதா, மூக்கில் குமிழி வருகிறதா? வந்தால் நுரையீரல் சளி. உடனே டாக்டர்.

பெரம்பூர்க்காரி:

சாய்வு, குமிழி எதுவும் இல்லை தம்பி. தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன், 26 காட்டுகிறது. ஆகஸ்ட் கணக்கு நியாயம்தான். ஆனால் ஏக்கமே கிடையாது என்று அடித்துச் சொல்லாதீர்கள், எட்டு வருஷம் தொட்டி கழுவியவள் நான்.

சிங்கை வாசி:

அக்கா, சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். முனுசாமியின் முன்னங்கால் நகத்தைப் பார்த்தீர்களா?

நான் இங்கே தெம்பனிசில் இரண்டு ஸ்லைடர் வளர்க்கிறேன். இரண்டும் இரண்டு சாதிக் குணம். சின்னது ஆண். காலடிச் சத்தம் கேட்டாலே கல்லிலிருந்து தொபுக்கென்று குதித்து ஒளியும். பெரியது பெண், இடி விழுந்தாலும் அசையாது. முன்பு ஒரே தொட்டியில் இருந்தபோது சின்னது அதன் முகத்துக்கு நேரே வந்து முன்னங்கால் நகங்களைப் படபடவென்று நடுங்க வைக்கும். கொஞ்சுகிறது என்று வீடியோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன். கொஞ்சல்தான், ஆனால் மாப்பிள்ளைக் கொஞ்சல். தொல்லை தாங்காமல் பெரியது ஒருநாள் கடித்துவிட்டது, பிரித்துவிட்டேன். ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் படுப்பதையும் பாசம் என்று நினைத்தேன். மேலே ஏறினால் விளக்குச் சூடு கூடக் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

ஆண் ஸ்லைடருக்கு முன்னங்கால் நகம் நீளமாக, ஊசி மாதிரி இருக்கும். வாலும் தடித்து நீண்டிருக்கும். உடம்பு பெண்ணைவிடச் சின்னது. 23 சென்டிமீட்டர் என்றதுமே எனக்குச் சந்தேகம். தரையைப் பின்னங்காலால் மாற்றி மாற்றிப் பறிக்கிறது என்றீர்களே, ஆமை அப்படித்தான் முட்டைக்குக் குழி தோண்டும். உங்கள் முனுசாமி பிள்ளைத்தாய்ச்சி என்று நினைக்கிறேன்.

பெரம்பூர்க்காரி:

நகம் கட்டை. வால் குட்டை.

ஆனால் ஆணே இல்லாமல் எப்படி? எட்டு வருஷமாக இந்த வீட்டில் வேறு ஆமையே கிடையாதே!

கோவைக் கால்நடை:

பண்ணைக் கோழி சேவல் இல்லாமல் முட்டை இடவில்லையா அம்மா? அதே மாதிரிதான். குஞ்சு பொரிக்காது, ஆனால் முட்டை வெளியே வந்தே ஆக வேண்டும்.

நான் கால்நடை மருத்துவம் இறுதியாண்டு படிக்கிறேன். ஆமைக்கு இடம் பிடிக்கவில்லை என்றால் முட்டையை உள்ளேயே அடக்கி வைத்துக்கொள்ளும். நாளானால் உயிருக்கே ஆபத்து. இப்போது அது சுறுசுறுப்பாகத் தவிப்பது நல்ல அறிகுறி. சோர்ந்து படுத்துவிட்டால்தான் பயம்.

அது முழுசாகத் திரும்பும் அளவுக்கு ஒரு பெரிய பிளாஸ்டிக் டப் எடுங்கள். மண்ணும் மணலும் கலந்து ஒரு ஓடு நீளத்துக்காவது ஆழமாக நிரப்புங்கள். கைப்பிடி பிடித்தால் கொழுக்கட்டை மாதிரி நிற்கும் ஈரம் வேண்டும். யாரும் நடமாடாத மூலையில் வைத்து, அதை உள்ளே விட்டுவிட்டு நீங்கள் போய்விடுங்கள். எட்டிப் பார்த்தால் தோண்டுவதை நிறுத்திவிடும். நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை கிடைக்கும், கணவாய் ஓடுதான். ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டால் கொறிக்கும், சுண்ணாம்புச் சத்து.

இரண்டு மூன்று நாளில் இடவில்லை என்றால் எக்ஸ்ரே எடுங்கள். வேப்பேரி கால்நடைக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தானே.

அப்புறம், தொட்டிக் கல்லை எங்கே கழுவுகிறீர்கள்?

பெரம்பூர்க்காரி:

சமையலறைத் தொட்டியில்.

கோவைக் கால்நடை:

ஐயோ. இன்றைக்கே நிறுத்துங்கள். ஆமை ஆரோக்கியமாக இருந்தாலும் அதன் மேல் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். 4 அங்குலத்துக்குக் குறைவான குட்டி ஆமைகளை விற்க அமெரிக்காவில் 1975 முதலே தடை. குழந்தைகள் வாயில் வைத்துவிட்டு நோயில் விழுந்ததுதான் காரணம்.

பெரம்பூர்க்காரி:

நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். துணி ஊறவைக்கும் டப்பில் மண் நிரப்பிப் பால்கனியில் வைத்தோம். முதல் நாள் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு ஒரு மூலையில் படுத்துவிட்டது. இரண்டாம் நாள் சாயங்காலம் ஜன்னல் திரை இடுக்கு வழியாகப் பார்த்தேன். எட்டிப் பார்க்கக் கூடாது என்று சொன்னீர்கள், மன்னிக்கவும். பின்பக்கமாகத் தண்ணீரை விட்டு மண்ணை இளக்கி, ஒரு காலால் அள்ளி ஓரமாக வைத்து, அப்புறம் அடுத்த காலால் அள்ளியது. என்ன தோண்டுகிறோம் என்று ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. முக்கால் மணி நேரம் நானும் மாமியாரும் மூச்சு விடாமல் நின்றோம்.

ஏழு முட்டை. வெள்ளையாக, பேரீச்சம்பழ அளவில். மேல்தோல் விரலுக்குக் கொஞ்சம் அமுங்குகிறது. எல்லாவற்றையும் அதுவே மண் போட்டு மூடி, வயிற்றால் அழுத்திவிட்டு வந்தது. மறுநாள் காலையில் பால் பாக்கெட்டோடு நுழைகிறேன், கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நாலு காலும் அடிக்கிறது.

நேற்று டாக்டரிடமும் காட்டினோம். எக்ஸ்ரேயில் உள்ளே மிச்சம் இல்லையாம்.

பையனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "அப்போ எட்டு வருஷமா டேய் டேய்னு கூப்பிட்டோமே" என்றான். பெயரை மாற்ற வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்திருக்கிறோம்.

தொட்டிமீன் தம்பி, ஏக்கம் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. இந்த ஒரு தடவைக்கு.

கோவை டாக்டருக்கு ஒரு கேள்வி. கேட்பது நான் இல்லை, மாமியார். பிள்ளை பெற்ற உடம்பாயிற்றே, பூண்டு ஏதாவது கொடுக்கலாமா என்கிறார்.

கோவைக் கால்நடை:

பாட்டியிடம் பூண்டு வேண்டாம் என்று சொல்லுங்கள். முருங்கைக்கீரை ஒரு கொத்து போடலாம்.