புதுப்பிப்பு: அப்பளமாகி வந்த இசைத்தட்டு

போன மாசம் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊர்லருந்து புலம்பியிருந்தேனே, ஒரு வினைல் இசைத்தட்டு சந்தா கிளப் 3 மாசக் காசை எடுத்துக்கிட்டு ஒரே ஒரு தட்டை, அதுவும் நெளிஞ்சதை அனுப்பினாங்கன்னு. மாற்றுத் தட்டு நேத்து வந்துச்சு. அதே ஆல்பம், அதே நெளிவு!

ஓடவிட்டா ஊசி வாடைக்காத்துல மாட்டின வள்ளம் மாதிரி ஏறி இறங்குது. நிமிஷத்துக்கு 33⅓ சுத்து, சுத்துக்கு ஒரு 'வூம்'. கிளப்கிட்ட கேட்டா, "எங்க கிடங்குல நல்லாத்தான் இருந்துச்சு"ன்னு பதில். இருந்திருக்கும். தட்டு பிவிசி பிளாஸ்டிக்தானே, சூட்டுல இளகும். நம்ம ஊர் வெயில்ல மூடின வேன்ல மெல்லிசு அட்டையில போட்டு அனுப்பினா வேற என்ன ஆகும்?

சந்தாவை நிறுத்த அவங்க பக்கம் வழியே இல்ல. யுபிஐ செயலிக்குள்ள போய் தானா காசு எடுக்கிற ஆட்டோபேயை நானே ரத்து பண்ணிட்டேன். ரெண்டு நிமிஷ வேலை, முதல்லயே செஞ்சிருக்கணும். மீதிப் பணத்துக்கு நுகர்வோர் உதவி எண் 1915-ல புகார் பதிஞ்சாச்சு. புகார் எண் வந்துருச்சு, பணம் வரல.

முதல் தட்டை முறுக்கு டின்னுக்கு மூடியா வச்சுக்கவான்னு அம்மா கேக்குறாங்க. நடுவுல ஓட்டை இருக்கும்மான்னேன். "காத்து போகட்டும்"ங்கிறாங்க.