டர்பன்: மனைவியும் குழந்தையும் தனியாக இருக்கலாமா? அவசரம்

புதுவரவு:
வணக்கம். மதுரையிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்கு வந்து இன்னும் வீடு பழகவில்லை. நாளை வேலை விஷயமாக ஜோகன்னஸ்பர்க் போகிறேன், இரண்டு இரவு. மனைவி வாசலுக்கே வர மறுக்கிறாள். இன்று காலை ஒரு பெரியவர் கேட்டைத் தட்டித் தண்ணீர் கேட்டிருக்கிறார். அவள் திரையை இழுத்து மூடிவிட்டுக் குழந்தையோடு உள்ளறையில் உட்கார்ந்துவிட்டாள். பயணத்தை ரத்து செய்யவா? உடனே சொல்லுங்கள்.

ஜோபர்க்வாசி:
தம்பி, நான் வந்த புதிதில் பட்டப்பகலில் கையிலிருந்த போனைப் பறித்துக்கொண்டு போனார்கள். அதன்பின் ரொட்டி வாங்கக்கூட அறைத்தோழனைத் துணைக்கு அழைத்துக்கொண்டுதான் போவேன். கோடை முழுக்க ஜன்னலைத் திறந்ததில்லை. யாரையும் நம்பாதீர்கள். கேட்டில் யார் நின்றாலும் பதிலே பேச வேண்டாம்.

சாட்ஸ்வர்த் மருமகள்:
இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் வருகிறவர்களை எல்லாம் கூண்டில் அடைக்கிறோம். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்தது. அதில் வந்திறங்கிய ஒப்பந்தக் கூலிகளுக்கு இந்த ஊரில் யாரைத் தெரியும்?

பயம் நியாயமானதுதான். அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் பார்த்திருக்கிறோம். 2021 ஜூலைக் கலவரத்தில், டர்பனை ஒட்டி இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் ஃபீனிக்ஸில், நம்மவர்கள் தெருவுக்குத் தெரு தடுப்பு போட்டார்கள். கடைகள் சூறையாடப்பட்டன, வீட்டைக் காக்கத்தான் நின்றார்கள். ஆனால் கறுப்பு முகத்தைக் கண்டாலே திருடன் என்று முடிவுகட்டியவர்களும் அவர்களில் இருந்தார்கள். அந்தப் பகுதியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலோர் கறுப்பினத்தவர். எனக்கு இன்னும் ஆறவில்லை.

தம்பி, அந்தப் பெரியவர் கேட்டது தண்ணீர். கேட்டைத் திறக்கவே வேண்டாம், கம்பி வழியாக ஒரு பாட்டிலை நீட்டலாம். 'பாபா' (ஜூலு மொழியில் அப்பா) என்று அழைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். வலக்கையை நீட்டி, இடக்கையால் முழங்கையைத் தாங்கி வாங்குவார். நம் ஊர்ப் பெரியவர்களிடம் காணும் அதே பணிவு.

ஜோபர்க்வாசி:
அக்கா, சொந்தபந்தம் சூழ இருப்பவர்கள் இப்படிப் பேசலாம்.

கேப்டவுன் பொறியாளர்:
பயத்தை விடுங்கள். விசா நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பவன் நான். எங்கே கேட்டாலும் அடுத்த வாரம் என்கிறார்கள். கார் இல்லாவிட்டால் இந்த நாட்டில் கை ஒடிந்த மாதிரி. மின்வெட்டுக் காலத்தில் மோட்டார் கேட்டோடு மல்லுக்கட்டியது தனிக்கதை.

ஜோபர்க்வாசி:
அதை ஏன் கேட்கிறீர்கள், எங்கள் தெருவில் மின்கம்பியையே அறுத்துக்கொண்டு போனார்கள்.

செவிலியர், டர்பன்:
அவருக்கு நாளை பயணம், நாம் எதையோ பேசிக்கொண்டிருக்கிறோம். தம்பி, எந்தப் பகுதி? தனி வீடா, காவலுள்ள வளாகமா? அலாரம் இருக்கிறதா? இதை எதையும் நீங்கள் சொல்லவில்லை.

புதுவரவு:
மன்னிக்கவும். ஓவர்போர்ட். நான்கு வீடுகள் ஒரே கேட்டுக்குள். காவலாள் இல்லை. அலாரப் பெட்டி இருக்கிறது, கட்டணம் கட்டவில்லை.

செவிலியர், டர்பன்:
அப்படியானால் போய்வாருங்கள், ஆனால் இன்றே சில வேலைகள். வீட்டுக்காரரிடம் கேட்டு அலாரத்தைத் தனியார் காவல் நிறுவனத்தோடு இணையுங்கள், அவசரப் பொத்தானை மனைவியே ஒருமுறை அழுத்திப் பார்க்கட்டும். போலீஸ் 10111, ஆம்புலன்ஸ் 10177, கைபேசியிலிருந்து 112. இன்று மாலையே மற்ற மூன்று வீட்டுக் கதவையும் மனைவியோடு போய்த் தட்டுங்கள், போன் எண் வாங்குங்கள். நாளை இரவு எனக்குப் பணி இல்லை. உங்கள் மனைவி சம்மதித்தால் நான் வந்து துணைக்குப் படுத்துக்கொள்கிறேன். தனிச்செய்தி அனுப்புங்கள்.