குஸ்னெட்சோவ், குஸ்னெட்சோவா: இந்த ரஷ்யப் பெயரின் கதை என்ன?

உல்லைக்காற்று கேட்டது:

அறுகம்பேயில் சீசன் காலத்தில் ரஷ்யாக்காரரின் பாஸ்போட்டைப் பார்த்துப் பதிகிறவர்களுக்கு அடிக்கடி கண்ணில் படும் பெயர் குஸ்னெட்சோவ். ஒருவரையொருவர் தெரியாத, வேறு வேறு ஊர் ஆட்களுக்கும் அதே பெயர். நம்ம பக்கத்துக் குடி மாதிரி எல்லாரும் ஒரே வழியில் வந்தவர்களா? புருசனுக்கு குஸ்னெட்சோவ், மனைவிக்கு குஸ்னெட்சோவா என்று இருப்பது பாஸ்போட்டில் விழுந்த பிழையா? பெயருக்குப் பொருள் ஏதும் உண்டா? தமிழில் எழுதும்போது எப்படி எழுதுவது சரி? தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள்.

வாவிக்கரை:

பொருள் நேரடியானது. ரஷ்ய மொழியில் ‘குஸ்னெட்ஸ்’ என்றால் கொல்லன், இரும்பு அடிக்கிறவன். அதோடு ‘ஓவ்’ சேர்ந்தால் ‘கொல்லனுடைய’ என்று வரும். இந்த ‘ஓவ்’ முதலில் பெயரின் வால் இல்லை, உடைமையைக் காட்டும் விகுதி. நம்ம ஊரில் ஒரு பிள்ளையைக் கண்டால் “ஆர்ர புள்ள?” என்று கேட்கிறோம். அங்கே அதே கேள்விக்குக் கிடைத்த பதில்தான் ‘குஸ்னெட்சோவ்’, கொல்லன்ர மகன். ‘மகன்’ என்ற சொல் காலப்போக்கில் விழுந்துவிட, மிச்சம் குடும்பப்பெயராக நின்றது.

உடைமை விகுதி என்பதால்தான் ஆண் பெண் வேறுபாடு வருகிறது. மகன் குஸ்னெட்சோவ், மகள் குஸ்னெட்சோவா. மனைவி புருசனின் பெயரை எடுத்தாலும் பெண்பால் வடிவம்தான். 2004இல் அமெரிக்க ஓப்பனும் 2009இல் பிரெஞ்சு ஓப்பனும் வென்ற டென்னிஸ் வீராங்கனை ஸ்வெட்லானா குஸ்னெட்சோவாவைப் பாருங்கள். சோவியத் கடற்படையை இரண்டாம் உலகப் போரில் நடத்திய அட்மிரல் நிக்கொலாய் குஸ்னெட்சோவுக்கும் அதே பெயர்தான், ஆண்பாலில். ஆக, அது பிழையே இல்லை. ‘வா’வை வெட்டிப் புருசனின் பெயரோடு ஒன்றாக்கி எழுதினால்தான் பிழை.

சொல்லின் கடைசி எழுத்தைப் பார்த்து விகுதி மாறும். மெய்யில் முடிந்தால் ‘ஓவ்’ அல்லது ‘யெவ்’. ‘ஆ’வில் முடிந்தால் ‘இன்’: நிகிதா என்பவரின் வழி நிகிதின், அவர் மகள் நிகிதினா. விகுதியே சேராமலும் பெயர் உண்டு. 1971இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற சைமன் குஸ்னெட்ஸின் பெயர் வெறும் ‘கொல்லன்’தான். அவர் பிறந்தது பின்ஸ்க் நகரில், யூதக் குடும்பத்தில்.

இனி ஒரே குடியா என்ற கேள்வி. இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர் எல்லாரும் தடுமாறுகிற இடம் இதுதான். மட்டக்களப்புக் குடி தாய்வழி வருவது, அதே குடிக்குள் கலியாணம் கிடையாது. குஸ்னெட்சோவ் தகப்பன்வழி வருவது. இரண்டு குஸ்னெட்சோவ் வீட்டுக்காரர் கலியாணம் செய்வதற்கு அங்கே எந்தத் தடையும் இல்லை, பெரும்பாலும் அவர்களுக்குள் சொந்தமே இருக்காது. ஆயிரக்கணக்கான கிராமங்கள், கிராமத்துக்கு ஒரு கம்மாலை. ஒவ்வொரு கம்மாலையிலிருந்தும் தனித்தனியாக இதே பெயர் பிறந்தது.

சம்மாந்துறை வயல்:

வாவிக்கரை சொன்னதில் இன்னும் ஒரு படி உள்ளே போகலாம். தொழில்பெயர் எத்தனையோ இருக்க, கொல்லன் மட்டும் ஏன் இப்படிப் பெருகினான்? ஊரில் எல்லாரும் வயல் செய்தால் ‘வயல்காரன்ர மகன்’ என்று சொல்லி எவரையும் அடையாளம் காட்ட முடியாது. எல்லாரும் பானை வனையும் ஊரில் ‘குயவன்ர மகன்’ என்றாலும் அதே கதைதான். ஊருக்கு ஒருவன் என்றிருந்தால்தான் பெயர் ஒட்டும். அப்படி ஒருவனாக, அதோடு எல்லாருக்கும் தேவைப்பட்டவனாக இருந்தவன் கொல்லன். கலப்பைக் கொழு, அரிவாள், குதிரை லாடம் எல்லாம் அவன் கையால்தான். மா அரைக்கும் ஆலைக்காரனுக்கும் இதே காரணத்தால் மெல்னிகோவ் என்ற பெயர் பரவலாக உண்டு.

பரவலைப் பற்றிச் சொன்னால், ரஷ்யாவின் மிகப் பொதுவான பெயர்களில் முதல் வரிசையில் நிற்பவை ஸ்மிர்னோவ், இவானோவ், குஸ்னெட்சோவ். எது முதலாவது என்பது எந்த ஊர்களை எண்ணினார்கள் என்பதைப் பொறுத்து மாறும். கொஸ்த்ரோமா, யாரொஸ்லாவ்ல் பக்கம் ஸ்மிர்னோவ் அடர்த்தி. வடமேற்கில், ப்ஸ்கோவ் நொவ்கொரொத் பக்கம், இவானோவ். வடக்கே அர்ஹாங்கெல்ஸ்கில் பொப்போவ், அதாவது பாதிரியாரின் வழி. மாஸ்கோவுக்குத் தென்கிழக்கே பென்ஸா பக்கம் போனால் குஸ்னெட்சோவ் கூடுதல்.

தெற்கிலும் மேற்கிலும் குஸ்னெட்சோவ் குறைவு. அங்கே கொல்லன் இல்லை என்று நினைக்க வேண்டாம், சொல்தான் வேறு. உக்ரைன், பெலாரஸ், தென் ரஷ்யா பக்கங்களில் கொல்லனுக்கு ‘கொவால்’ என்று பெயர். அதிலிருந்து கொவாலியோவ், கொவாலென்கோ, கொவால்சுக். போலந்தில் கொவால்ஸ்கி, ஹங்கேரியில் கொவாச், ஜெர்மனியில் ஷ்மிட், அரபியில் ஹத்தாத். எல்லாம் கொல்லன்தான்.

ஒன்றைக் கவனத்தில் வையுங்கள்: பெயரை வைத்து ஆளின் இனத்தைத் தீர்மானிக்க முடியாது. சுவாஷ், மொர்த்வின் போன்ற வேறு இனத்தவருக்கும் இவானோவ், குஸ்னெட்சோவ் என்ற பெயர்கள் தாராளமாக உண்டு.

உல்லைக்காற்று:

நன்றி வாவிக்கரை அண்ணன், நன்றி சம்மாந்துறைக் காக்கா. இன்னும் இரண்டு சந்தேகம். புருசன் குஸ்னெட்சோவ், மனைவி கொவாலென்கோ என்றால் பதிவில் கணவன் மனைவி என்று போடலாமா? ஒரே ஆளின் பெயர் புக்கிங்கில் ஒரு மாதிரி, பாஸ்போட்டில் இன்னொரு மாதிரி ஆங்கில எழுத்தில் வந்தால் எதை எடுப்பது?

கல்லடிப்பாலம்:

தம்பி, முதலாவதுக்கு: போடலாம். ரஷ்யச் சட்டப்படி மனைவி புருசனின் பெயரை எடுக்கலாம், தன் பெயரையே வைத்திருக்கலாம். பெயர் வேறு என்பதால் சந்தேகப்படக் கூடாது. கொவாலென்கோ போல ‘என்கோ’வில் முடியும் பெயருக்கு ஆண்பால் பெண்பால் ஒன்றே, ‘வா’ சேர்க்க வேண்டாம். செர்னிஹ் போல ‘இஹ்’ என்று முடியும் பெயரும் அப்படியே. ‘ஸ்கி’ மட்டும் பெண்பாலில் ‘ஸ்கயா’ ஆகும்.

இரண்டாவதுக்கு: கையில் இருக்கும் பாஸ்போட்டின் அடியில் உள்ள, இயந்திரம் வாசிக்கும் இரண்டு வரிகளில் என்ன இருக்கிறதோ அதுவே பதிவுக்குச் சரி. குழப்பத்துக்குக் காரணம் எழுத்துப்பெயர்ப்பு விதிகள் மாறியதுதான். ரஷ்ய எழுத்தில் ‘ட்ஸ்’ ஒரே எழுத்து. இப்போதைய விதியில் அதை ‘டி, எஸ்’ என்று எழுதுகிறார்கள். 2010களின் தொடக்கத்தில் சில காலம் ‘டி, சி’ என்று எழுதினார்கள். அக்காலத்து வங்கி அட்டையோ பட்டச் சான்றிதழோ வைத்திருப்பவருக்கு அந்த ஒரு எழுத்து வேறாக இருக்கும். சோவியத் காலத்தில் பிரெஞ்சு முறை, அதனால் முன்னால் ‘கே, ஓ, யு’ என்று தொடங்கும் வடிவமும் உண்டு. மூன்றும் ஒரே பெயர்.

முதற்பெயரில் இதைவிடத் திகைப்பு வரும். யூரி என்பவரின் புதிய பாஸ்போட்டில் ‘ஐ, யு, ஆர், ஐ, ஐ’ என்று இருக்கும். அவர் இணையத்தில் புக் பண்ணும்போது ‘வை’யில் தொடங்கி எழுதியிருப்பார். பிறந்த திகதியும் பாஸ்போட் இலக்கமும் ஒத்தால் போதும்.

தமிழில் ‘குஸ்னெட்சோவ்’ என்றே எழுதுங்கள். வாயால் சொல்லும்போது அழுத்தம் கடைசியில், ‘வ்’ ஒலி ‘ஃப்’ ஆகத் தேயும்: குஸ்னெட்ஸோஃப். பெண்பாலில் பின்னால் உயிர் வருவதால் ‘வா’ தெளிவாகவே கேட்கும்.

இன்னொன்று, வரிசை. ரஷ்யப் படிவத்தில் குடும்பப்பெயர் முதலில், பிறகு சொந்தப் பெயர், கடைசியில் தகப்பன் பெயர்: குஸ்னெட்சோவ் இவான் பெட்ரோவிச். ‘பெட்ரோவிச்’ என்றால் பியோத்தரின் மகன். மகள் என்றால் பெட்ரோவ்னா. நம்ம பெயருக்கு முன்னால் தகப்பன் பெயர் வருவது போல. அதைக் குடும்பப்பெயர் என்று எடுத்து எழுதிவிடுவது பலர் விடும் பிழை. வயதானவரை மரியாதையாகக் கூப்பிட வேண்டுமென்றால் ‘இவான் பெட்ரோவிச்’ என்பதுதான் முறை. வெறும் ‘குஸ்னெட்சோவ்!’ என்பது பள்ளியில் இடாப்புக் கூப்பிடுவது போல இருக்கும்.

வாவிக்கரை:

ஸ்மிர்னோவ் பற்றிக் காக்கா சொன்னதால் ஒரு சொல். ‘ஸ்மிர்னி’ என்றால் சாதுவான, அடக்கமான. ‘ஸ்மிர்னோய்’ என்பது பழைய காலத்தில் பிள்ளைக்கு வைத்த பெயர். அதைப் போல ‘நெக்ராஸ்’, அழகில்லாதவன் என்றும் பெயர் வைத்தார்கள், கண்ணூறு படாமல் இருக்க. அதிலிருந்துதான் நெக்ராசோவ். பிள்ளை தங்காத வீட்டில் நம்மவர் குப்பன், பிச்சை என்று பெயர் வைத்தது இதே நினைப்பில்தான். ஆகவே ‘ஓவ்’ என்று முடிந்தால் உடனே தொழில்பெயர் என்று எடுத்துவிடாதீர்கள். முன்னால் இருக்கும் சொல் தொழிலா, ஆளின் பெயரா, சொகொலோவில் உள்ள ‘சொகொல்’ என்ற வல்லூறு மாதிரி ஒரு பறவையா என்று முதலில் பாருங்கள்.