ஆட்டுக்குட்டி வரைந்தால் நாய்க்குட்டி ஆகிறது: வேதாகம விலங்குகள் வரைவது பற்றி உதவி தேவை

பெரம்பூர்_பென்சில்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ஞாயிறு பள்ளி வகுப்பறைக்காக ஆட்டுக்குட்டி, புறா, கூழைக்கடா (பெலிக்கன்), சுவிசேஷங்களை எழுதிய நால்வரின் சின்னங்கள் எல்லாம் 15×22 அங்குலத்தில் வாட்டர்கலரில் வேண்டும். ஆட்டுக்குட்டி பென்சில் கட்டத்திலேயே நாய்க்குட்டி ஆகிவிடுகிறது. நம்மூர் ஆட்டைப் பார்த்து வரையலாமா? சின்னங்களில் பிழை வரக் கூடாது. யாத்திராகமம் 20:4-ஐக் காட்டி உருவமே கூடாது என்கிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

கரிக்கோல்:
நாய் முகம் வருவது மூன்று இடங்களால்தான். முதலில் கண். ஆட்டின் கண்மணி வட்டமில்லை, படுக்கைவாட்டில் நீண்ட பிளவு. வட்டமாகக் கறுப்பு வைத்து வெள்ளைப் புள்ளி போட்டீர்களோ, அது நாய்தான். அடுத்தது மூக்கு. உருண்டையான ஈர மூக்கு ஆட்டுக்குக் கிடையாது. நாசித் துவாரங்கள் இரண்டு சாய்கோடுகள். அவை சேரும் இடத்திலிருந்து மேலுதட்டில் ஒரு பிளவு இறங்கும். மூன்றாவது காது: உச்சந்தலையில் இல்லை, கண்ணுக்குப் பின்னால் பக்கவாட்டில் முளைக்கும்.

உடம்புக்கு, விலாக்கூட்டை ஒரு பெரிய முட்டையாகவும் இடுப்பைச் சின்ன முட்டையாகவும் போட்டு, கிட்டத்தட்ட நேரான முதுகுக் கோட்டால் இணையுங்கள். பிறந்து சில நாளே ஆன குட்டிக்குக் கால்தான் நீளம். நெஞ்சின் அடியிலிருந்து தரை வரை, மொத்த உயரத்தில் பாதிக்கு மேல் வரும். காலைக் குட்டையாக்கினால் பொம்மை ஆகிவிடும். முன்னங்காலில் முட்டி போலத் தெரிவது உண்மையில் மணிக்கட்டு. பின்னங்காலில் பின்னால் நீட்டிக்கொண்டிருப்பது குதிகால். இந்த இரண்டும் தெரியாமல் வரைந்தால் கால்கள் நாற்காலிக் கால்களாகிவிடும்.

நம்மூர் ஆடு தாராளமாகச் சரி. செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கம் மேயும் மெட்ராஸ் சிவப்பு இனத்துக்குக் கம்பளி இல்லை, குட்டையான செம்பழுப்பு முடிதான். அதனால் தோள், இடுப்பு எலும்புகள் கண்ணுக்குத் தெரியும். பழகுவதற்கு அதைவிட நல்ல மாதிரி கிடைக்காது. வேதாகம நாட்டு ஆடு வேண்டுமென்றால் கம்பளியோடு கொழுப்பு வாலும் சேருங்கள். லேவியராகமம் 3:9-இல் கொழுப்போடு முழு வாலும் சொல்லப்படுவது அதனால்தான். வால் தொங்க வேண்டும். தூக்கி நின்றால் வெள்ளாடு; செம்மறியையும் வெள்ளாட்டையும் பிரிக்கும் மத்தேயு 25-ஐப் படித்த பிள்ளைகள் உடனே கேட்பார்கள்!

கம்பளியைச் சுருள் சுருளாக நிரப்பாதீர்கள். கழுத்து மடிப்பிலும் வயிற்று நிழலிலும் மட்டும் 2பி பென்சிலால் ஓரம் காட்டுங்கள், வெளிச்சப் பக்கம் காகிதத்தின் வெள்ளையே போதும். மத்ரித் பிராதோ அருங்காட்சியகத்தில் ஸ்பானிய ஓவியர் சுர்பரான் வரைந்த ஆட்டுக்குட்டியில் ஒளிவட்டம் இல்லை, கொடியும் இல்லை. கட்டிய நான்கு கால்கள் மட்டும்தான், ஆனால் இயேசுவைத்தான் சொல்கிறது என்று பார்த்ததும் புரிகிறது. சின்னம் பிறகு வரட்டும். ஆண்டவர் அதை எப்படிப் படைத்தாரோ அதை முதலில் பத்து நிமிடம் பாருங்கள்.

பரங்கிமலை_வாசி:
புறாவில்தான் அதிகம் பிழை நடக்கிறது. ஒலிவ இலை நோவாவின் புறாவுக்கு உரியது (ஆதியாகமம் 8:11). ஞானஸ்நானக் காட்சியில் இறங்கும் புறாவுக்கு இலை கிடையாது. அலகு கீழே, சிறகு விரிந்து, வால் மேலே. 1547-இல் பரங்கிமலையில் கிடைத்த கற்சிலுவையின் உச்சியில் அப்படி இறங்கும் பறவையைக் காணலாம்.

கூழைக்கடாவுக்கு வருவோம். சங்கீதம் 102:6-இல் நம் பழைய மொழிபெயர்ப்பு அதை ‘வனாந்தர நாரை’ என்கிறது. அதைப் பார்த்து நாரையை வரைந்துவிடாதீர்கள். தன் நெஞ்சைக் கொத்தி இரத்தத்தால் குஞ்சுகளைக் காப்பாற்றும் கதை வேதாகமத்தில் இல்லை, பழைய கிறிஸ்தவ விலங்குக் கதைகளிலிருந்து வந்தது. உண்மையில் குஞ்சுகள் தாயின் தொண்டைப்பைக்குள் தலையை விட்டு மீனை எடுக்கும். ஐரோப்பியப் பழைய படங்களில் அலகு கழுகு போலக் குட்டையாக இருக்கும். அதை நகலெடுக்க வேண்டாம். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போனால் புள்ளி அலகுக் கூழைக்கடாவை நேரிலேயே பார்க்கலாம்.

மத்தேயு மனிதன், மாற்கு சிங்கம், லூக்கா காளை, யோவான் கழுகு. நான்கிற்கும் சிறகு உண்டு. மனிதனுக்கு மட்டும் வைத்து, தேவதூதன் ஆக்கிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். லூக்காவின் காளைக்குத் திமில் வைத்தால் ஒரு தவறும் இல்லை.

மரியின்_மகன்:
20:4-ஐ 5-ஆம் வசனத்தோடு சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள், தடை வணங்குவதற்கு. சாலொமோனின் ஆலயத்தில் வெண்கலக் கடல் தொட்டியைத் தாங்கியவை 12 காளைகள் (1 இராஜாக்கள் 7:25). ஆனால் அப்படிச் சொல்கிறவர்களின் பயத்தை அலட்சியம் செய்யாதீர்கள், சகோதரி. மோசே செய்த வெண்கல சர்ப்பத்துக்கே ஜனங்கள் தூபம் காட்டியதால் எசேக்கியா அதை உடைத்தார். படத்தைப் பீடத்துக்கு அருகில் வைக்காமல் வகுப்பறைச் சுவரில் மாட்டுங்கள். கீழே வசன எண்ணையும் எழுதுங்கள்.

கரிக்கோல்:
காகிதம் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். காகிதத்தின் கனம் 300 ஜிஎஸ்எம்முக்கு (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம்) குறைந்தால் ஈரத்தில் அலையலையாகிவிடும். நம் வெயிலில் உள்ளங்கை வியர்வை படிந்த இடத்தில் வண்ணம் பிடிக்காமல் திட்டு திட்டாக நிற்கும், அதனால் கைக்கு அடியில் ஒரு தாள் வைத்தே வரையுங்கள்.

பெரம்பூர்_பென்சில்:
மிக்க நன்றி, ஐயா. கண்ணாடி போட்டு மாட்டலாமா?

கரிக்கோல்:
போடலாம். ஆனால் கண்ணாடி படத்தில் ஒட்டக் கூடாது. நடுவில் மவுண்ட் அட்டை (படத்தின் ஓரத்தைச் சுற்றி வரும் தடித்த அட்டை) வையுங்கள், இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் பூஞ்சை பிடித்துவிடும். தண்ணீர் கசியும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள்.