சுவரை உயர்த்திய பிறகும் கொல்லையிலிருந்து வெளியேறும் சிப்பிப்பாறை நாய்: எந்த வழியாகப் போகிறது?

கேள்வி

வணக்கம். கோவில்பட்டிக்கு வெளியே, கரிசல் காட்டை ஒட்டிய தெருவில் எங்கள் வீடு இருக்கிறது. இரண்டு வயதுள்ள சிப்பிப்பாறை ஆண் நாய் ஒன்றை வளர்க்கிறோம். கடந்த ஒன்றரை மாதமாக, நானும் என் மனைவியும் வேலைக்குச் சென்ற பிறகு அது கொல்லைப்புறத்திலிருந்து வெளியேறிவிடுகிறது. கொல்லையைச் சுற்றி 5 அடிச் சுவர் இருந்தது. தாண்டித்தான் போகிறது என்று எண்ணி, கொத்தனாரை வைத்து மேலும் 2 அடி எழுப்பினேன். பூச்சு காய்வதற்கு முன்பே, மறுநாள் பக்கத்துத் தெரு டீக்கடை வாசலில் அது நின்றுகொண்டிருந்ததாகச் சொன்னார்கள்.

தண்ணீர் போகும் துவாரத்துக்குக் கம்பி அடித்துவிட்டேன். பின்பக்க இரும்புக் கதவில் போட்ட பூட்டு, மாலையில் வந்து பார்க்கும்போதும் போட்டபடியே இருக்கிறது. சுவரோரம் எங்கும் தோண்டிய பள்ளம் இல்லை. நாங்கள் திரும்பும் நேரத்தில் முன்வாசல் கேட்டுக்கு வெளியே படுத்திருக்கிறது. எப்படித்தான் போகிறது என்று யாரேனும் வழிகாட்ட முடியுமா?

மறுமொழி 1

சுவரின் உச்சியில் சிமெண்டு வைத்துக் கண்ணாடிச் சில்லுகளைப் பதித்துவிடுங்கள். அல்லது பகலில் சங்கிலியில் கட்டிவிட்டுச் செல்லுங்கள்.

மறுமொழி 2

தயவுசெய்து இவ்விரண்டையும் செய்யாதீர்கள். ஓடி வந்து பாய்கிற நாய், உச்சியில் கண்ணாடி இருப்பதைப் பார்த்து நின்றுவிடாது; வயிறும் பாதமும் கிழிந்த பிறகுதான் அதற்குத் தெரியும். சங்கிலியோடு சுவரைத் தாண்ட முயன்றால் கழுத்து இறுகித் தொங்கிவிடும் அபாயமும் உண்டு.

மறுமொழி 3

உங்கள் கேள்வியிலேயே ஒரு துப்பு இருக்கிறது. வெளியே போகத் தெரிந்த நாய் போன வழியிலேயே உள்ளே வராமல், முன்வாசலில் காத்துக் கிடக்கிறது. அப்படியானால் அது பயன்படுத்துவது ஒருவழிப் பாதை. உள்பக்கம் துவைக்கிற கல், தொட்டி, விறகு அடுக்கு என ஏறிக்கொள்ள ஏதேனும் இருந்து வெளிப்பக்கம் ஒன்றும் இல்லாதிருக்கலாம். அல்லது உள்ளிருந்து தள்ளினால் மட்டும் விலகிக்கொடுக்கிற ஏதோ ஒன்று இருக்கலாம். 7 அடிச் சுவருக்குப் பிறகும் ஒரு நாள்கூடத் தடைபடவில்லை என்பதால், நான் இரண்டாவதையே சந்தேகிக்கிறேன்.

ஊகத்தை நம்பி இனியும் செலவு செய்ய வேண்டாம். காலையில் கிளம்புவதற்கு முன், சுவரின் உள்ளோரம் முழுவதும், கதவின் அடியிலும், ஓர் அடி அகலத்துக்குச் சலித்த சாம்பலையோ நொய்மணலையோ பரப்பிவிடுங்கள். கோலமாவு வேண்டாம், அரிசி மாவாக இருந்தால் எறும்பு மொய்க்கும், உங்கள் நாயே நக்கித் தடயத்தை அழித்துவிடும். பழைய கைப்பேசி இருந்தால் சமையலறை ஜன்னலில் சாய்த்து வைத்துக் காணொளி எடுக்கவும் செய்யலாம். பெரும்பாலும் நீங்கள் கிளம்பிய முதல் அரைமணி நேரத்திலேயே விடை கிடைத்துவிடும்.

கேட்டவர்

சாம்பல் பரப்பிய முதல் நாளே தெரிந்துவிட்டது. சுவரோரம் ஒரு தடம்கூட இல்லை. பின்பக்கக் கதவின் இடது மூலையில் மட்டும் முன்னங்கால் தடங்களும், வயிறு இழுபட்டதுபோல் ஒரு கோடும் இருந்தன. கதவின் கீழ்ப்பகுதியில் அடித்திருக்கும் தகடு அந்த மூலையில் துருப்பிடித்து, பற்றவைப்பு விட்டிருக்கிறது. காலால் தள்ளினால் வெளிப்பக்கமாக வளைகிறது. காலை எடுத்ததும் சட்டத்தில் வந்து ஒட்டிக்கொள்கிறது. மாலைதோறும் அதே கதவின் பூட்டை இழுத்துப் பார்த்த நான், ஒரு முறையும் குனிந்து பார்க்கவில்லை.

மறுமொழி 4

தகட்டை அடைப்பதோடு, அது ஏன் போகிறது என்பதையும் பாருங்கள். இல்லையென்றால் அடுத்த மூலையைத் தேடும். சிப்பிப்பாறை, முயலைத் துரத்திப் பிடிப்பதற்காக வளர்க்கப்பட்ட இனம். மெலிந்த உடலும் குறுகிய இடுப்பும் கொண்டது என்பதால், நாம் போதாது என்று நினைக்கிற சந்திலும் நுழைந்துவிடும். நாள் முழுவதும் கொல்லையில் சும்மா இருப்பது அதற்குப் பெரும் சிரமம். நீங்கள் கிளம்புவதற்கு முன், வெயில் ஏறாத நேரத்தில், நன்றாக ஓடவிட்டு அழைத்து வாருங்கள்.

இன்னொன்று, அது ஆண் நாய். பெண் நாய்கள் பொதுவாக ஆண்டுக்கு இருமுறை பருவத்துக்கு வரும். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 2 முதல் 3 வாரம் நீடிக்கும். அந்த வாசனை தொலைவிலிருந்தே இழுக்கும். கருத்தடை செய்வதுபற்றிக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். ஆனால் ஊர்சுற்றிப் பழகிவிட்ட நாய், அறுவை முடிந்த மறுநாளே அடங்கிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். தெருநாய்களோடு பழகியிருக்கக்கூடும் என்பதால், வெறிநோய்த் தடுப்பூசியின் தேதியையும் சரிபாருங்கள். கழுத்துப்பட்டையில் உங்கள் கைப்பேசி எண் இருக்கட்டும். முன்வாசலில் காத்திருக்கிற நாயை அடிக்கவோ திட்டவோ வேண்டாம்; வீட்டுக்குத் திரும்பி வந்ததற்குத்தான் அடி என்று அது புரிந்துகொள்ளும்.

கேட்டவர்

பழைய தகட்டை அகற்றி, கனமான புதுத் தகட்டைச் சட்டத்தோடு முழுவதுமாகப் பற்றவைத்து, குறுக்கே இரண்டு பட்டைகளும் வைத்தாயிற்று. காலை ஐந்தரை மணிக்குக் கண்மாய்க்கரை வரை அழைத்துச் செல்கிறேன். முதல் நான்கு நாள் அந்த மூலையில் நகத்தால் பிராண்டிய கோடுகள் தெரிந்தன, பிறகு இல்லை. இன்றோடு மூன்று வாரம் ஆகிறது, ஒருமுறையும் வெளியேறவில்லை. கருத்தடைக்கு அடுத்த வாரம் நேரம் வாங்கியிருக்கிறோம். பற்றவைப்புக்கு ஆன செலவையும் சுவருக்கு ஆன செலவையும் என் மனைவி நாள்தோறும் ஒப்பிட்டுக் காட்டுகிறார். அதற்கு மட்டும் என்னிடம் மறுமொழி இல்லை.