சிக்குக் கோலம் ஒரே இழையில் முடிய வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். ராத்திரி தூங்கப்போகும் முன் நோட்டில் ஜெல் பேனாவால் சிக்குக் கோலம் போடுவது என் பழக்கம். புள்ளியைச் சுற்றி வளைத்துக்கொண்டே போனால் ஆபீஸ் ஞாபகமே வராது.

4 வரிசை, வரிசைக்கு 5 புள்ளி வைத்தால் எடுத்த இடத்திலேயே வந்து முடிகிறது; பேனாவைத் தூக்கவே வேண்டாம். 4-க்கு 6 என்றால் இரண்டு இழை. 6-க்கு 6 சதுரம் வைத்தால் ஆறு தனித்தனி இழை! (இரண்டு எண்ணுக்கும் மீப்பெரு பொது வகுத்தி எதுவோ அத்தனை இழை. பள்ளிக்கூடத்துக் கணக்கு கோலத்திலும் விடவில்லை.)

இரண்டு இழை வெட்டிக்கொள்ளும் இடத்தில் வெட்டாமல் திருப்பிவிட்டால் அவை ஒன்றாகிவிடும், அது தெரியும். ஆனால் கண்ட இடத்தில் திருப்பினால் கோலம் ஒரு பக்கமாகக் கோணிக்கொள்கிறது.

6-க்கு 6-ல் எங்கெங்கே திருப்பலாம்? நாலு பக்கமும் அச்சாக வராவிட்டாலும் பரவாயில்லை, பார்க்க லட்சணமாக இருந்தால் போதும். அம்மா, பாட்டி நோட்டில் இருந்தால் போட்டோ போடுங்களேன். முடிந்த கோலத்தோடு, பாதி போட்டது ஒன்றும் இருந்தால் இழை போகும் வழி புரியும்.