60-ஐத் தாண்டினால் காரில் ‘ஊஊங்’ என்று சத்தம், அவசர உதவி தேவை

வேளச்சேரி_வாசி:
வணக்கம். ஒரு வாரமாக வண்டி ஓட்டும்போது ஊஊங் என்று ஒரே இரைச்சல், பாட்டு போட்டாலும் அதை மீறிக் கேட்கிறது. சனிக்கிழமை விடியற்காலையில் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு தென்காசி கிளம்ப வேண்டும், 600 கிலோமீட்டருக்கு மேல். பட்டறையில் தெருமுனை வரை ஓட்டிப் பார்த்துவிட்டு நான்கு வீல் பேரிங்கையும் (இரண்டு வளையங்களுக்கு நடுவே குண்டுகள் வைத்துச் சக்கரத்தைச் சுலபமாகச் சுழல விடும் பாகம்) மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா? சீக்கிரம் சொல்லுங்கள் ப்ளீஸ்.

ஈரோடு_டீசல்:
என்ன வண்டி, எந்த வருஷம், எவ்வளவு ஓடியிருக்கிறது? சத்தம் முன்னாலா பின்னாலா? ஒன்றுமே சொல்லாமல் மாற்றலாமா என்றால் எப்படி நண்பரே?

டயர்_பிரியன்:
டயர்தான், சந்தேகமே வேண்டாம். பேரிங் பேரிங் என்று செலவழித்துவிட்டுக் கடைசியில் டயரில் வந்து நிற்பவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முன்சக்கர இழுவை வண்டியில் டயரை இடம் மாற்றாமலே ஓட்டினால் பின் டயரின் பட்டன்கள் (ரோட்டைத் தொடும் ரப்பர் கட்டங்கள்) மேடும் பள்ளமுமாகத் தேய்ந்துவிடும், அதுதான் இந்த ரீங்காரம். உள்ளங்கையை டயர் மேல் வைத்து முன்னும் பின்னுமாகத் தடவிப் பாருங்கள், ஒரு பக்கம் வழுக்கி மறுபக்கம் ரம்பம் போல முட்டினால் முடிந்தது கதை. பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தையும் பாருங்கள், 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் தயாரித்தது. அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணம்) பார்த்து, டயரில் காற்றுக்குப் பதில் நைட்ரஜன் அடித்துவிடுங்கள்.

கோவை_ஸ்பேனர்:
நைட்ரஜன் எதற்கு? நாம் அடிக்கிற சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தானே.

டயர்_பிரியன்:
சூட்டில் பிரஷர் ஏறாது சார். ஓட்டிப் பார்த்தவன் சொல்கிறேன்.

கோவை_ஸ்பேனர்:
எந்த வாயுவாக இருந்தாலும் சூடானால் பிரஷர் ஏறத்தான் செய்யும். உலர்ந்ததாக இருப்பதும் மெதுவாகக் கசிவதும் மட்டும்தான் நைட்ரஜனில் லாபம். அதற்குக் காசு கொடுப்பதைவிட மாதம் இரண்டு முறை பிரஷர் பார்த்தால் போதும்.

ஈரோடு_டீசல்:
இரண்டு பேரும் அதற்குத் தனி இழை போட்டுக்கொள்ளுங்கள். அவர் சனிக்கிழமை கிளம்ப வேண்டுமாம்.

பழைய_பட்டறை:
இதே கேள்வி இங்கே எத்தனை முறை வந்துவிட்டது, பழைய இழைகளைப் புரட்டிப் பார்க்கும் பொறுமை யாருக்கும் இல்லை. காதைத் தீட்டாமல் ஸ்பேனரைத் தூக்குவது இப்போது பழக்கமாகிவிட்டது. தம்பி, முதலில் சத்தம் எதோடு ஏறுகிறது என்று பார். நின்ற இடத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வருகிறதா? அப்படியென்றால் இன்ஜின் பக்கம். காலியான நேர் சாலையில் 70-ல் போகும்போது ஒரு நொடி நியூட்ரலில் போடு, ஆர்பிஎம் இறங்கியும் சத்தம் இறங்கவில்லை என்றால் சக்கரத்தோடு சுற்றுகிற ஏதோ ஒன்று. சாவியை மட்டும் தொடாதே, ஸ்டியரிங் இறுகிவிடும். அப்புறம் நீண்ட வளைவில் கவனி. இடப்பக்கம் திரும்பும்போது பாரம் வலப்பக்கம் சாயும், அப்போது சத்தம் கூடினால் வலது பேரிங். தார் ரோட்டிலிருந்து கான்கிரீட் ரோட்டுக்கு ஏறியதும் சத்தத்தின் தன்மையே மாறினால் டயர். இதைக்கூடப் பார்க்காமல் நான்கையும் மாற்றச் சொல்பவனிடம் வண்டியை விடாதே.

வேளச்சேரி_வாசி:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். 2016 பெட்ரோல் ஹேட்ச்பேக், 82,000 கிலோமீட்டர். நின்றால் சத்தம் இல்லை. நியூட்ரலில் போட்டும் அப்படியே இருக்கிறது. இடப்பக்க வளைவில் கூடுகிறது, வலப்பக்கம் திரும்பினால் கிட்டத்தட்ட நின்றேவிடுகிறது. இன்று முன் டயர்களைப் பின்னாலும் பின் டயர்களை முன்னாலும் மாற்றிப் போட்டேன், துளியும் வித்தியாசம் இல்லை. வலது முன் சக்கரத்தை ஜாக்கியில் ஏற்றி மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன், ஆட்டமும் இல்லை. அப்புறம் ஒன்று, 2023 டிசம்பர் வெள்ளத்தில் வண்டி இரண்டு நாள் பாதிச் சக்கரம் முழுகி நின்றது.

ஈரோடு_டீசல்:
அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! பேரிங்கை மூடியிருக்கும் சீல் வளையத்தைத் தாண்டித் தண்ணீர் போனால் கிரீஸ் கெட்டுப்போகும், குண்டு ஓடும் பாதையில் துரு பிடிக்கும். உடனே தெரியாது, பல மாதம் கழித்துத்தான் கத்த ஆரம்பிக்கும்.

கோவை_ஸ்பேனர்:
ஆட்டம் இல்லை என்று விட்டுவிடாதீர்கள், ஆட்டம் காண்பதற்கு வெகு முன்பே பேரிங் கத்தும். அதே ஜாக்கியில், வண்டிக்கு அடியில் ஸ்டாண்டும் மற்ற சக்கரங்களுக்குக் கட்டையும் வைத்துவிட்டு, ஒரு கையின் விரல்களை சஸ்பென்ஷன் ஸ்பிரிங் மேல் லேசாக வைத்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தைச் சுற்றுங்கள். நல்ல பேரிங் என்றால் விரலுக்கு ஒன்றும் தெரியாது. கெட்டுப்போனது அம்மியில் மணல் மாட்டிக்கொண்ட மாதிரி நறநறவென்று விரலில் ஏறும். இடது சக்கரத்தையும் சுற்றி ஒப்பிட்டுப் பாருங்கள்.

வேளச்சேரி_வாசி:
ஐயோ, அதேதான். வலதில் நறநற, இடதில் ஒன்றுமே இல்லை. நாளை வேறு ஒரு பட்டறையில் அந்த ஒன்றை மட்டும் மாற்றுகிறேன்.

கோவை_ஸ்பேனர்:
மாற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். பிரஸ்ஸில் வைத்து வெளி வளையத்தைத்தான் அழுத்த வேண்டும், உள் வளையத்தை அழுத்திப் பேரிங்கை உள்ளே தள்ளினால் பாரம் முழுக்கக் குண்டுகள் வழியாகப் போய்ப் புதுப் பேரிங் அன்றே பாழ். சுத்தியல் கூடவே கூடாது. ஆக்சில் நட் புதிது போடச் சொல்லுங்கள், ஏர் கன்னால் முறுக்கிவிட்டுப் போகாமல் குறித்த அளவுக்கு முறுக்க உதவும் டார்க் ரெஞ்சில் வைத்து முறுக்கட்டும். ஏபிஎஸ் (அழுத்தி பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் பேரிங்கின் ஒரு பக்க சீலிலேயே காந்த வளையம் இருக்கும், அது சக்கரத்தின் வேகத்தை அளக்கும் சென்சார் பக்கம் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் ஏபிஎஸ் விளக்கு எரியும்.

டயர்_பிரியன்:
சரி, இந்தத் தடவை டயர் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இடம் மாற்றிப் போடுங்கள்.

வேளச்சேரி_வாசி:
பேரிங் மாற்றியாகிவிட்டது, சத்தம் சுத்தமாகப் போய்விட்டது! எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நான் போய்ச் சேர்வதற்குள் வேலையை முடித்துவிட்டார்கள். ஏபிஎஸ் விளக்கு மட்டும் அணையவில்லை, எரிந்துகொண்டே இருக்கிறது. விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்புகிறோம், ஓட்டலாம்தானே?

கோவை_ஸ்பேனர்:
பேரிங்கைத் திருப்பிப் போட்டிருப்பார்கள், இல்லையென்றால் சென்சார் ஒயர் பிளக்கை மாட்டாமல் விட்டிருப்பார்கள். பிளக்கை நீங்களே இப்போதே டார்ச் அடித்துப் பார்த்துவிடலாம். சாதாரண பிரேக் பிடிக்கும், ஆனால் ஈர ரோட்டில் அழுத்தி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். பெரியவர்களை வைத்துக்கொண்டு அப்படி 600 கிலோமீட்டர் போகாதீர்கள், பட்டறை திறந்ததும் காட்டிவிட்டு மதியம் கிளம்புங்கள்.

பழைய_பட்டறை:
தம்பி, படித்தாயா? கிளம்பிவிட்டாயா?